நரம்பு, சந்தி, மருந்து

1

நம்முடைய கட்டுரைகளில் 'நரம்பு' என்ற சொல் ரொம்பவும் தாராளமாகப் புழங்குகிறது. சமூகத்தின் நரம்பு மண்டலம் என்கிறோம். மொழியின் நரம்பு என்கிறோம். அதிகாரம் நரம்பு மாதிரி எங்கும் ஓடுகிறது என்கிறோம். இப்படிச் சொல்லும்போது மனசில் இருப்பது பெரும்பாலும் ஒரு கம்பிதான். இந்த முனையில் தட்டினால் அந்த முனையில் மணி அடிக்கும். முதலில் தந்திக் கம்பி, பிறகு டெலிபோன் கம்பி, இப்போது கம்ப்யூட்டர் கேபிள். உருவகம் காலத்துக்குத் தக்கபடி சட்டையை மாற்றிக்கொண்டாலும் உள்ளே இருப்பது கம்பிதான்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். உயிரியல் என் துறை அல்ல. ஆனாலும் ஒரு உருவகத்தை எடுத்தாளுகிறவன், அதற்குப் பின்னால் இருக்கும் வஸ்து என்ன என்று ஒருதரமாவது எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எட்டிப் பார்த்தால், நரம்பு கம்பியே இல்லை. அது தனித்தனி செல்களால் ஆனது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. ஒரு செய்தி மேலே போவதா, நின்றுபோவதா, தலைகீழாக மாறுவதா என்பதெல்லாம் அந்த இடைவெளியை ஒட்டித்தான் தீர்மானமாகிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தி. தசையை எலும்போடு கட்டும் நாண். ரத்தம் ஓடுகிற குழாயும் நரம்புதான். ஆஸ்பத்திரியில் 'நரம்பு ஊசி' என்றால் சிரையில் போடுகிற ஊசி. கோபத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது என்றால் புடைப்பது ரத்தக் குழாய். இதைத் தமிழின் குறைபாடு என்று யாரும் அவசரப்பட வேண்டாம். கிரேக்கத்தில் 'நியூரான்' என்ற சொல்லுக்கும் தசைநாண், வில்லின் நாண், யாழின் தந்தி என்றெல்லாம்தான் பொருள் இருந்தது. இரண்டு மொழிகளுமே நரம்பை இழுத்துக் கட்டின கயிறாகப் பார்த்திருக்கின்றன. கயிறு என்றால் தொடர்ச்சி. கயிறு என்றால் தொய்வும் உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம் எழுதி வைத்து, மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்த வைத்தியர்கள் பிழைத்ததெல்லாம் இந்தப் பழைய உருவகத்தை வைத்துத்தான். இறுக்கமாக இருந்தால் ஆண்மை, தொய்ந்துபோனால் நோய். ஆனால் நரம்பு செல்லில் இறுகவோ தொய்யவோ கூடிய கயிறு எதுவும் கிடையாது.

2

1873இல் இத்தாலியின் அப்பியாதெகிராசோ என்ற சிற்றூரில், தீராத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த கமில்லோ கோல்ஜி ஒரு சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போடுவது. மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் கன்னங்கரேலென்று, கிளை, வேர் எல்லாவற்றோடும் தெரியும். 'சில' என்பதுதான் இதில் முக்கியம். எல்லாச் செல்லும் சாயம் ஏற்றிருந்தால் கருப்பு அப்பிக்கிடக்குமே தவிர ஒன்றும் தெரியாது. பெரும்பான்மை மறைந்துகொண்டதால்தான் சிறுபான்மை தெரிந்தது.

கோல்ஜி பார்த்தது ஒரு வலை. எல்லாக் கிளைகளும் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியாக ஓடுகிற ஒற்றைப் பின்னல் என்றார் அவர். 1887இல் இதே சாயத்தை மாட்ரிட்டில் பார்த்த ஸ்பெயின்காரர் சந்தியாகோ ராமோன் இ கஹால், அடுத்த வருஷமே பார்சிலோனாவில் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து எழுதினார். அவர் கண்ணுக்கு வலை தெரியவில்லை. இழைகள் அடுத்த செல்லின் அருகே போய், அதோடு கலக்காமல், சும்மா முடிந்துபோவது தெரிந்தது. ஒவ்வொரு செல்லும் தனி. 1891இல் ஜெர்மானியரான வால்டையர் இந்தத் தனி செல்லுக்கு 'நியூரான்' என்று பெயர் வைத்தார்.

ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு. 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பரிசு வாங்கின மேடையிலேயே கோல்ஜி தன் உரையை நியூரான் கொள்கைக்கு எதிராக நிகழ்த்தினார். மறுநாள் கஹால் அதே கொள்கைக்கு ஆதரவாகப் பேசினார். இதில் வேடிக்கை என்னவென்றால், இருவர் கையிலும் இருந்த நுண்ணோக்கியால் அந்த இடைவெளியைப் பார்த்திருக்கவே முடியாது. அதன் அகலம் சுமார் 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை நாலாயிரமாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு பங்கு. 1950களின் நடுவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தட்டுப்பட்டது. அதுவரை அறுபது வருஷத்துக்கு மேல், பார்க்காத ஒரு இடைவெளியை உண்டு என்றும் இல்லை என்றும் விவாதித்தார்கள்.

பார்க்கும் முன்பே அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. 1897இல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியலாளர், ஒரு பாடநூலுக்கு எழுதும்போது இந்த இடத்துக்கு ஒரு சொல் தேடினார். கேம்பிரிட்ஜில் யூரிபிடீஸ் நாடகங்களில் தோய்ந்த வெர்ரால் என்ற கிரேக்கப் புலவர் எடுத்துக்கொடுத்த சொல் 'சினாப்ஸ்'. சேர்த்துப் பிடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். உயிரியலின் மையமான ஒரு சொல்லை இலக்கியம் படித்தவர் ஒருவர் கொடுத்திருக்கிறார் என்பது என்னைப் போன்றவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

தமிழில் இதைச் 'சந்தி' என்றே சொல்லலாம். நம் இலக்கணக்காரர்கள் நிலைமொழி, வருமொழி என்று இரண்டைத் தனித்தனியாக நிறுத்திவைத்து, அவை சேருமிடத்தில் என்ன ஆகிறது என்று கேட்டார்கள். ஒன்றும் மாறாமல் சேரலாம். ஒன்று தோன்றலாம், திரியலாம், கெடலாம். சேருமிடத்துக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன, அவை சேரும் சொற்களுக்குள் இல்லை என்பது புணர்ச்சி இலக்கணத்தின் அடிப்படை. இந்த அறிவோடு நரம்பு செல்லைப் பார்த்தால் பாதிப் பாடம் தானாகப் புரியும்.

3

முதலில் நிலைமொழி. ஒரு நியூரானுக்கு மூன்று பாகம். நடுவில் செல் உடலம். உட்கரு இருப்பதும் புரதம் தயாராவதும் முக்கியமாக இங்கேதான். அதிலிருந்து மரக்கிளை மாதிரி நாலாபக்கமும் பிரிகிறவை டெண்ட்ரைட்டுகள்; மற்ற செல்கள் சொல்லுவதை வாங்கிக்கொள்வது இவற்றின் வேலை. மூன்றாவது, ஆக்சான் என்கிற ஒற்றை இழை. இது சொல்லுகிற பாகம். வாங்குவதற்கு எத்தனையோ கிளை, சொல்லுவதற்கு ஒரே வாய். அந்த வாயும் நுனியில் பல கிளையாகப் பிரிந்து பல செல்களிடம் ஒரே விஷயத்தைச் சொல்லும். செல் உடலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, சிலதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் கீழ்முதுகிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகிற ஆக்சான் ஒரு மீட்டர் நீளம் இருக்கும்.

இந்தச் செல்லின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பு ஒரே மாதிரி இல்லை. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்பதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்பு, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. உடம்பின் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஏறக்குறைய இருபது சதவீதத்தைத் தின்பதற்கு இந்தப் பம்பு ஒரு பெரிய காரணம். சும்மா இருப்பதற்கே இவ்வளவு செலவு. அப்படிச் சும்மா இருக்கும்போது செல்லின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும்.

சரி, செய்தி எப்படிப் போகுது? ஆக்சானின் தொடக்கத்தில் இந்தத் தாழ்வு கொஞ்சம் குறைந்து ஒரு எல்லையைத் தொட்டால், அங்கே உள்ள சோடியக் கதவுகள் படாரென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, உள்பக்கம் கொஞ்ச நேரம் நேர்மின்னாகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஒரு மில்லி விநாடி சுமாருக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்தாயிற்று. அவை அவற்றுக்குப் பக்கத்துக் கதவுகளைத் திறக்கும். ஆக, கம்பியில் ஓடுகிற மின்சாரம் போல ஏதோ ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் பற்றிக்கொள்கிறது, திரி எரிகிற மாதிரி. எரிந்த திரி மறுபடி எரியாது, இது எரியும் என்பதுதான் வித்தியாசம். இதை அளந்து கணக்காக்கியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த கணவாய் மீனின் ஆக்சானுக்குள் மின்முனையைச் செலுத்தி 1939இல் தொடங்கிய வேலை, யுத்தம் குறுக்கிட்டு, 1952இல் முழுமையான சமன்பாடுகளாக வெளிவந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் துடிப்புக்குப் பெரிசு, சின்னது கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. மெல்லத் தொட்டாலும் அறைந்தாலும் துடிப்பு அதே துடிப்புத்தான். அறைந்தால் விநாடிக்கு அதிகத் துடிப்பு, அவ்வளவே. 1920களில் ஏட்ரியன் இதைக் காட்டினார். கண்ணிலிருந்து வருவதும் காதிலிருந்து வருவதும்கூட இதே ஒற்றை எழுத்துத்தான். எந்த நரம்பில் வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வெளிச்சம் வெளிச்சமாகவும் சத்தம் சத்தமாகவும் ஆகிறது.

வேகமும் நாம் நினைக்கிற மின்னல் வேகம் இல்லை. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் அளந்தபோது விநாடிக்குச் சுமார் முப்பது மீட்டர்தான் வந்தது. மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய இழைகளில் துடிப்பு, உறை விட்ட கணுக்களில் மட்டும் தாவித்தாவிப் போவதால் விநாடிக்கு நூறு மீட்டரைத் தாண்டலாம். உறையில்லாத மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்துதான் போகும். கால் விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் 'ஐயோ, இடிச்சிட்டோமே' என்று முதலில் தெரிந்து, ஒரு விநாடி கழித்துத்தான் அந்த எரிச்சலான வலி வந்து சேருகிறதே, அது இரண்டு வேறு இழைகளின் வேகம்.

4

இந்தத் துடிப்பு ஆக்சானின் நுனிக்கு வந்ததும் செத்துப்போகிறது. இடைவெளியை அதனால் தாண்ட முடியாது. தாண்டுவது வேறொன்று.

1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை உப்புநீரில் துடிக்கவைத்தார். முதல் இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் துடிப்பு மெதுவாகும், அது தெரிந்ததே. முதல் இதயம் கிடந்த அந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் மெதுவானது. ஆக, நரம்பு இதயத்துக்குக் கொடுத்தது மின்சாரத்தை அல்ல, நீரில் கரைகிற ஒரு வஸ்துவை. அது அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. இந்தச் சோதனை தனக்குக் கனவில் வந்தது என்று லோவி சொல்லிவந்தார். 1936இல் நோபல் பரிசு. 1938இல் நாஜிகள் யூதரான அவரைச் சிறையில் போட்டார்கள். பரிசுப் பணத்தை எழுதிக் கொடுத்த பிறகே அவரால் நாட்டைவிட்டுப் போக முடிந்தது.

துடிப்பு நுனிக்கு வந்ததும் அங்கே கால்சியத்துக்கான கதவுகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே வந்ததும், நுனியில் காத்திருக்கும் சின்னச் சின்னப் பைகள் சவ்வோடு ஒட்டி வெடித்து, தம்மிடம் உள்ளதை இடைவெளியில் கொட்டுகின்றன. ஒரு பையில் சில ஆயிரம் மூலக்கூறுகள். சொட்டுச் சொட்டாக அல்ல, பை பையாகத்தான் கொட்டும் என்று 1950களில் காட்டியவர் பெர்னார்ட் காட்ஸ். கொட்டப்பட்ட மூலக்கூறுகள் எதிர்க்கரைக்குப் போய், அங்கே பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு பொருந்துகின்றன.

நம் விவாதங்களுக்கு மிகவும் வேண்டியது இந்த இடம். அதே அசிட்டைல்கோலின் கை, கால் தசைக்கு வந்தால் தசை சுருங்குகிறது. இதயத்துக்கு வந்தால் இதயம் மெதுவாகிறது. ஒரே மூலக்கூறு, ஒரே எழுத்து. ஒரு இடத்தில் 'செய்', இன்னொரு இடத்தில் 'நிதானி'. மூலக்கூறில் செய்யும் இல்லை, நிதானியும் இல்லை. தசையில் உள்ள ஏற்பி ஒரு வகை, அது சோடியத்துக்கு வழிவிடுகிறது. இதயத்தில் உள்ளது வேறு வகை, அது சுற்றுவழியாகப் பொட்டாசியக் கதவைத் திறக்கிறது. அர்த்தம் வாங்குகிறவனிடம் இருக்கிறது.

உடனே 'ஆசிரியன் இறந்துவிட்டான், வாசகன் பிறந்துவிட்டான்' என்று நண்பர்கள் கிளம்பிவிடக் கூடாது. ஏற்பிக்கு இஷ்டப்படி வாசிக்கும் சுதந்திரம் கிடையாது. அது எந்த வடிவத்தில் செய்யப்பட்டிருக்கிறதோ அந்த வாசிப்பைத்தான் அதனால் தர முடியும். வாசிப்பு வாசகனிடம் இருக்கிறது என்பதும், வாசகன் ஏற்கனவே செய்யப்பட்டவன் என்பதும் சேர்ந்தேதான் உண்மை. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கொண்டாடினோம்.

5

இன்னொரு விஷயம், 'இல்லை' என்பது. மூளையில் ஒரு நியூரானுக்கு ஆயிரக்கணக்கான சந்திகள் வழியாகப் பேச்சு வருகிறது. குளுட்டமேட் போன்றவை செல்லைத் தூண்டும். காபா, கிளைசின் போன்றவை அடக்கும். எல்லாவற்றின் கூட்டல் கழித்தலும் ஆக்சானின் தொடக்கத்தில் எல்லையைத் தொட்டால்தான் அந்தச் செல் வாய் திறக்கும். அடக்குவதும் ரசாயனம்தானா, மின்சாரமா என்று பெரிய சண்டை நடந்தது. மின்சாரக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஜான் எக்கிள்ஸ், தன் கருத்தைப் பொய்ப்பிக்கத்தக்க விதத்தில் கூர்மையாக வை என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னதைக் கேட்டு அப்படியே வைத்தார். 1951இல் தன் சோதனையே தன் கருத்தைக் கவிழ்த்தபோது அதை ஏற்று எதிர்க்கட்சிக்குப் போனார். கோட்பாட்டு விவாதங்களில் இப்படி ஒன்று நம் பக்கங்களில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த 'இல்லை' இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூர் எட்டி மரம் சாட்சி. எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன், தண்டுவடத்தில் கிளைசினின் ஏற்பியை அடைத்துவிடுகிறது. மறுப்பு காதில் விழாத நரம்புகள் எல்லாத் தசையையும் ஒரே சமயத்தில் இழுக்கின்றன. உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுக்கும். நெகிழ்வான எந்த அசைவுக்கும் பின்னால் ஏராளமான மறுப்புகள் இருக்கின்றன. ஒரே குரலில் 'ஆம்' சொல்லுகிற உடம்பு சாகிற உடம்பு.

நினைவும் இந்த இடைவெளியின் சமாச்சாரம்தான். சினாப்ஸுக்குப் பெயர் வைக்கும் இரண்டு வருஷம் முன்பே, 1895இல், ஃபிராய்டு ஒரு கையெழுத்துப் பிரதியில் நியூரான்களுக்கு இடையே தொடுதடைகள் இருப்பதாகவும், அந்தத் தடைகள் திறந்துகொடுப்பதில் உள்ள வித்தியாசமே நினைவு என்றும் எழுதினார். 1950இல்தான் அது அச்சாயிற்று. தெரிதா 1966இல் ஃபிராய்டு பற்றிப் பேசும்போது பிடித்துக்கொண்டது இந்தப் பிரதியைத்தான். வித்தியாசம் பற்றிய அவருடைய சிந்தனைக்கு நரம்பியலில் ஒரு வேர் இருக்கிறது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. பிற்பாடு எரிக் காண்டல் கடல் நத்தையில் சோதித்து, குறுகிய கால நினைவில் சந்தி பலப்படுவதையும், நீண்ட கால நினைவில் புதுச் சந்திகளே முளைப்பதையும் காட்டினார்.

கோல்ஜியும் முழுசாகத் தோற்றுவிடவில்லை. 1959இல் நன்னீர் நண்டின இறால் ஒன்றில், ரசாயனம் இல்லாமல் நேரடியாக மின்னோட்டம் கடக்கும் சந்தி கண்டறியப்பட்டது. அப்படிப்பட்டவை நம் மூளையிலும் உண்டு. 2023இல் சீப்புஜெல்லி என்ற கடல் உயிரியின் நரம்பு வலையில் செல்கள் உண்மையிலேயே ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியாக ஓடுவதைப் பார்த்தார்கள். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் கோல்ஜியின் வலை இருக்கத்தான் செய்கிறது.

6

கடைசியாக, பேச்சு முடிந்த பிறகு நடப்பது. தசைக்குச் சொன்ன 'செய்' அங்கேயே தங்கிவிட்டால் தசை சுருங்கினது சுருங்கினபடி இருக்கும். அதனால் சந்தியில் ஒரு நொதி நிற்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். அசிட்டைல்கோலினை வெட்டி அழிப்பதே அதன் வேலை. ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அழிக்கும். அழித்தால்தான் அடுத்த சொல்லைச் சொல்ல முடியும்.

1930களில் ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பென் கம்பெனியில் பூச்சிகளைக் கொல்ல வழி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர், இந்த நொதியை முடக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் சேர்மங்களைக் கண்டார். 1936இல் டாபுன், அதைத் தொடர்ந்து சாரின். இரண்டும் யுத்த விஷங்களாயின. அதே குடும்பத்தில் கொஞ்சம் வீரியம் குறைந்தவை வயலுக்கு வந்தன. பாரத்தியான், மோனோகுரோட்டோஃபாஸ், குளோர்பைரிஃபாஸ். பூச்சியின் சந்தியும் நம் சந்தியும் ஒரே இலக்கணம் என்பதால் விஷத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. நொதி முடங்கினால் சொன்ன சொல் அழியாமல் குவிகிறது. வாயில் எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிதுடிக்கும், பிறகு ஓய்ந்துவிடும். மூச்சுவிடும் தசையும் அதில் சேர்த்தி. 2013 ஜூலை 16ஆம் தேதி பீகாரில் சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தது இப்படித்தான். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோஃபாஸ் இருந்தது.

நம் கிராமங்களில் இந்தச் சாமானுக்குப் பெயர் 'மருந்து'. காட்டுக்கு மருந்து அடிக்கப் போயிருக்கான் என்கிறோம். மருந்தைக் குடிச்சிட்டான் என்கிறோம். இரண்டும் ஒரே டப்பா. பிளேட்டோவின் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு மருந்து, விஷம் என்று இரண்டு பொருளும் இருப்பதைத் தோண்டி எடுத்துத் தெரிதா 1968இல் எழுதிய கட்டுரையை நாம் மாய்ந்து மாய்ந்து படித்தோம். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு காற்றடிக்கும் பக்கம் நடக்கிறவனுக்கு அந்த இரட்டைப் பொருள் உடம்பில் இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவில் இருப்பது தன் தசைக்கும் தன் நரம்புக்கும் நடுவில் உள்ள 20 நானோமீட்டர் சந்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதை அவனுக்கு யாரும் அவன் பாஷையில் சொல்லவில்லை. துணி நனைந்தால் தோல் வழியாகவும் அது உள்ளே போகும், நனைந்த துணியை உடனே கழற்றித் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், எச்சில் ஊறிக் கண் மங்கினால் அது வெயில் மயக்கம் என்று படுத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போகும்போது டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும். இதைச் சொல்ல உயிரியல் பட்டம் தேவையில்லை, தமிழ் தெரிந்தால் போதும். அது நம்மிடம் இருக்கிறது.